கழிவு பீடியும் கைவிட்ட ஆய்வும்

முதுநிலை உளவியல் மாணவர்கள் ஆய்வுத் தலைப்பு பேச வரும்போது பலர் முதலில் கேட்பது இதைத்தான்: “சார், எந்த ஸ்கேல் ஈஸியா கிடைக்கும்?” மனநிலையையோ பழக்கத்தையோ அளக்கும் கேள்விப் பட்டியலைத்தான் ஸ்கேல், அதாவது அளவுகோல் என்கிறோம். மன அழுத்தம், சுயமதிப்பு, கைபேசிப் பழக்கம் ஆகியவற்றில் இரண்டைச் சேர்த்தால் ஒரு தலைப்பு. பக்கத்து வகுப்புக்குக் கூகுள் படிவத்தை அனுப்பினால் இரண்டு நாளில் நூற்றைம்பது பதில்கள். இதை மாணவர்களின் சோம்பல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பழக்கத்தை வளர்த்த நெறியாளர்களில் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு மாணவி வந்தார். அவருடைய அம்மா பீடி சுற்றுபவர். சுளகை மடியில் வைத்துப் பொழுதெல்லாம் சுற்றியதைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், கட்டைப் பிரித்துப் பார்த்துச் சிலவற்றைக் கழித்துவிடுவார்கள். கழித்ததற்குக் கூலி இல்லை. கடைக்குப் போகும் நாளுக்கு முந்தின இரவே அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும் என்றார் மாணவி. அவர் கவனித்திருந்த இன்னொன்றுதான் முக்கியம். கூலி குறைந்த நாளில் அம்மா “வயிறு எரியுது” என்பாராம். நாலு பேர் பார்க்கக் கட்டைத் தள்ளிவிட்ட நாளில் “முகம் செத்துப்போச்சு” என்பாராம். இழப்பும் அவமானமும் அம்மாவின் தெருவில் உள்ள பெண்களிடம் வேறு வேறு துன்பங்களாக இருக்கின்றனவா என்பதே அவர் கேள்வி.

“இதுக்கு ஸ்கேல் இல்லையேம்மா, நாலு மாசத்துல முடியாது” என்று சொல்லிவிட்டேன். கல்லூரி மாணவிகளின் மன அழுத்தமும் சுயமதிப்பும் என்று ஆய்வேடு முடிந்தது. நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. அவருக்கு மட்டுமே தெரிந்திருந்த எதுவும், நான் கையெழுத்திட்ட அந்த ஆய்வேட்டில் இல்லை.

2010இல் ஜோசப் ஹென்ரிக்கும் இரு சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை உளவியல் உலகில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. முன்னணி ஆய்விதழ்கள் சிலவற்றில் பங்கேற்றவர்களில் 96 சதவீதத்தினர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே கொண்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்ற கணக்கை அது முன்வைத்தது. அவர்களிலும் கல்லூரி மாணவர்களே அதிகம். இதை வகுப்பில் நடத்துகிறோம். மணி அடித்ததும் பக்கத்து வகுப்புக்குப் படிவத்தை அனுப்புகிறோம்.

அளவுகோல்கள் வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஷெல்டன் கோஹனும் சக ஆய்வாளர்களும் 1983இல் வெளியிட்ட மன அழுத்த அளவுகோலைப் பல நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். அதனால்தான் ஒப்பிட முடிகிறது. நாமே பத்துக் கேள்விகள் எழுதி அதை அளவுகோல் என்று அழைத்தால் நம்பகத்தன்மைக்கு யார் பொறுப்பு? தன் அம்மாவின் தெருவை ஆராய்பவர், தான் பார்க்க விரும்புவதையே பார்த்துவிடவும் கூடும். இவை நியாயமான அச்சங்கள். ஆனால் அந்த அளவுகோலின் கூட்டுத்தொகையில் வயிற்றெரிச்சலும் முகம் செத்துப்போனதும் ஒரே எண்ணாகிவிடும். மாணவியின் கேள்வியே அங்கே மறைந்துபோகிறது.

ஜிம்பாப்வேயில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1990களில் விக்ரம் படேலும் சக ஆய்வாளர்களும் ஹராரேயில் நோயாளிகளிடமும் நாட்டு வைத்தியர்களிடமும், துன்பத்தை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று கேட்டார்கள். அளவுக்கு மீறி யோசிப்பதைக் குறிக்கும் ‘குஃபுங்கிசிசா’ என்ற ஷோனா மொழிச் சொல் அப்படி அவர்கள் கவனத்துக்கு வந்தது. அந்த மக்களின் சொற்களிலிருந்து பதினான்கு கேள்விகள் கொண்ட அளவுகோலை உருவாக்கிச் சரிபார்த்தார்கள். பாட்டிமார் பெஞ்சில் அமர்ந்து பிரச்சினைகளைத் தீர்க்க வழிகாட்டும் ‘நட்பு பெஞ்ச்’ திட்டத்தின் பலனை, 2016இல் வெளியான மருத்துவ ஆய்வில் அளந்தது இந்த அளவுகோல்தான். ஊர்ச் சொல்லும் அறிவியல் கறாரும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

முதுநிலை மாணவர் நான்கு மாதத்தில் அவ்வளவும் செய்ய முடியாது, உண்மைதான். ஆனால் பன்னிரண்டு பெண்களிடம் பொறுமையாகப் பேசி, எந்தச் சொல்லை எப்போது சொல்கிறார்கள் என்று பிரித்தறிய முடியும். அதுவே ஒரு ஆய்வேடு. எல்லோரும் தங்கள் தெருவுக்குப் போக வேண்டியதும் இல்லை. நினைவாற்றல் சோதனையில் உண்மையான ஆர்வம் உள்ளவர் அதைச் செய்யட்டும். இப்போது என்னிடம் வருபவர்களிடம் முதல் மாதம் ஸ்கேலைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்களை உறுத்துவது என்ன என்றுதான் கேட்கிறேன்.

அந்த மாணவி இன்று ஒரு பள்ளியில் மனநல ஆலோசகர். சென்ற ஆண்டு பேசும்போது, உங்களைத் திசைதிருப்பியது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் சொன்ன சொற்களை அப்போதே ஒரு நோட்டில் எழுதிவைத்திருப்பதாகச் சொன்னார். இருபத்து மூன்று சொற்களாம். அந்த நோட்டைப் பார்க்கக் கேட்டிருக்கிறேன்.

- கட்டுரையாளர், உளவியல் பேராசிரியர்