காலிப் பாட்டிலுக்குக் காட்டும் பொறுப்பு, செத்த உயிருக்கு இல்லையா?



எருத்தேன்பதிப் பக்கத்துச் சாலைகளில் சனிக்கிழமை மாலை நின்று பாருங்கள். வாரக் கூலி கைக்கு வந்த நேரம் அது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆகவே ஒரு கூட்டம் எல்லை தாண்டி இங்கே வருகிறது. வருவதும் இருசக்கர வண்டியில், திரும்புவதும் அதே வண்டியில். அந்தச் சாலையோரமாகத்தான் தோப்பு வேலை முடிந்த நம் பெண்கள் தூக்குப்போசியோடு வீட்டுக்கு நடக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி நடந்த ஒரு தாய் வீடு வந்து சேரவில்லை. இடித்தவனும் நம்மைப் போல் கூலிக்காரன்தான். இறந்தவரின் மகளும், சிறைக்குப் போனவனின் மனைவியும் ஒரே வாரத்தில் மனு எழுத என்னிடம் வந்தார்கள். இரண்டையும் நானே எழுதினேன். நிற்கவே முடியாதவனுக்கு மேலும் ஊற்றிக் காசு வாங்கிக்கொண்டு, வண்டிச் சாவியோடு அனுப்பி வைத்தவனுக்கு இரண்டு மனுவிலும் இடமில்லை. ஏன்?

“குடித்தவன் அவன், கடை என்ன செய்யும்?” என்று கேட்போர் உண்டு. குடித்துவிட்டு வண்டியைத் தொட்டவனுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். 2019 திருத்தப்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அது நியாயமே. ஓட்டியவன் குடித்திருந்தாலும் பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணம் கொடுக்க வேண்டும், பிறகு அவனிடம் வசூலிக்கலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023ல் சொன்னது. அதுவும் நல்லதே. ஆனால் கணக்கைக் கூட்டிப் பாருங்கள்: கம்பெனி வசூலித்துக்கொள்ளும், கூலிக்காரன் சிறையில் இருப்பான், அவன் பிள்ளைகள் கடனில் இருப்பார்கள். விற்று இலாபம் பார்த்தவன் மட்டும் ஒரு காசும் கொடுப்பதில்லை.

விற்றவனையும் கேட்கலாம் என்பது கற்பனையல்ல. கனடாவில் ஒரு விடுதி, அளவு மீறிக் குடிப்பவர் என்று தெரிந்த ஒருவருக்கே மேலும் ஊற்றிக் கொடுத்து, இருட்டில் நெடுஞ்சாலைக்கு வெளியேற்றியது. அவர் மீது கார் மோதியது. 1970களிலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விடுதியும் பொறுப்பு என்றது. குடித்தவர், கார் ஓட்டியவர், விடுதி மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு.

நம் நாட்டில்? வழக்கறிஞர் கே. பாலு நடத்திய தமிழ்நாட்டு வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2015ல் மட்டும் சாலை விபத்தில் நாடு இழந்த உயிர்கள் 1,46,133. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. பிறகு நடந்தது என்ன? சிற்றூர்ப் பக்கம் 500 மீட்டர் 220 ஆனது. நகராட்சி எல்லைக்குள் தடை இல்லை என்றானது. சில மாநிலங்கள் நெடுஞ்சாலையின் பெயரையே மாற்றிக் கடையைக் காத்தன. ஊருக்குள் புதுக்கடை வேண்டாமென்று 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறித்த பெண்ணின் கன்னத்தில் போலீஸ் அதிகாரியின் கை விழுந்தது. விற்பனைக்கு அரசு கொடுக்கும் பாதுகாப்பு இதுதான்!

“போதையில் வந்தவனுக்கு விற்காதே என்றால் கடைக்காரன் எப்படிக் கண்டுபிடிப்பான்?” என்கிறார்கள். கேரளத்தில் 23 வயதும் தமிழ்நாட்டில் 21 வயதும் ஆகாதவனுக்கு விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே! முகத்தைப் பார்த்து வயதைக் கேட்கத் தெரிந்தவனுக்குத் தள்ளாடும் காலைப் பார்க்கத் தெரியாதா?

இன்னொன்று. 2022ல் நீலகிரியில் தொடங்கி, பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பினால் கொடுக்கும் திட்டம் டாஸ்மாக்கில் வந்தது. உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது என்பதால் நீதிமன்றம் தலையிட்டது. வரவேற்கிறோம். விற்ற பிறகும் பொறுப்பு உண்டு என்பதை இதில் அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆண்டுக்கு 45,000 கோடிக்கு மேல் வருமானம் பார்க்கும் அரசுக்கு, சாலையில் கிடக்கும் மனித உடலுக்குப் பொறுப்பேற்க மட்டும் வழி தெரியவில்லையா?

நம் வீட்டுக் குறையையும் சொல்லாமல் விடக்கூடாது. வேலை முடிந்ததும் ஆட்களுக்குக் குவார்ட்டர் வாங்கிக் கொடுத்து, அதே டிரைவரிடம் இருபது பேரை ஏற்றி அனுப்பும் மேஸ்திரி நம்மில் இருக்கிறான். அவனும் பங்காளிதான். சாவியைப் பிடுங்காமல் வேடிக்கை பார்க்கும் நாமும் கொஞ்சம் பங்காளிகள்தான்.

ஆகவே நம் கோரிக்கை மூன்று. போதையில் இருப்பவனுக்கு விற்றால் கடை உரிமம் போக வேண்டும். அரசுக் கடையானாலும் தண்டனை வேண்டும். ஒவ்வொரு பாட்டில் விலையிலிருந்தும் ஒரு பங்கு, பலியானோர் குடும்ப நிதிக்குப் போக வேண்டும். விபத்து வழக்கில் கடைசியாக ஊற்றிய கடை எது என்பதையும் போலீஸ் எழுத வேண்டும்.

அதுவரை, விபத்தில் யாரையேனும் இழந்த குடும்பங்கள் புரோக்கரிடம் போகாதீர்கள். ஆறு மாதத்துக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடுங்கள். பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உதவி உண்டு. எழுதத் தெரியாதவர்கள் சங்கத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். இனி எழுதும் மனுவில் விற்றவனையும் விடமாட்டோம்.