வண்டி சொல்லும் குறி

கோந்த்வாவில் வாழும் சங்க அன்பர் ஒருவர் சென்ற திங்களில் நமக்கு ஒரு வினா விடுத்திருந்தார். அவருடைய மோட்டார் வண்டி 2011-இல் வாங்கியது; பதினைந்து ஆண்டுப் பதிவு முடியும் தறுவாயில் இருக்கிறது. பதிவைப் புதுப்பிப்பதா, வண்டியைத் தலைமுழுகுவதா என்று இல்லத்தில் வாதம் நடந்துகொண்டிருக்கையில், ஸ்டீரிங்குக்கு எதிரே எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கிற்றாம். "வண்டியின் கோளாற்றைக் கைபேசியிலேயே படித்துவிடலாம் என்கிறார்கள். அதற்கென நூறு மென்பொருள்கள் இருக்கின்றன. நான் எதை வாங்குவது?" என்பது அவர் கேள்வி.

ஒரே சொல்லில் விடை பகர்ந்துவிடலாம். ஆனால் அவ்வாறு செய்வோமாயின், நாம் கைப்பொருள் இழந்து கற்றது அன்பருக்குப் பயன்படாமற் போகும். ஆகவே நம் கதையை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

மூன்றாண்டுகளுக்கு முன், பொங்கலுக்கு ஊர் செல்ல ஒன்பது நாட்களே இருந்த சமயம். ரயிலில் இடம் கிட்டவில்லை. சதாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர் என்று நெடுவழி சென்று ஒசூரில் இறங்குவதாக முடிவாயிற்று. முதிய தாயார், இரு குழந்தைகள், உறவினர்க்கென்று கட்டிய பாக்கர்வடிப் பொட்டலங்கள் எல்லாம் அந்தப் பழைய வண்டியை நம்பியிருந்தன. அப்போதுதான் மஞ்சள் விளக்கு எரிந்தது. பெயர் பெற்ற ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு சென்றோம். அவர்கள் ஒரு கருவியைச் செருகிப் பார்த்து, "ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது" என்றனர், மாற்றினர், ரூ. 4,800 பெற்றுக்கொண்டனர். விளக்கும் அணைந்தது. மூன்றாம் நாள் காத்ரஜ் ஏற்றத்தில் மீண்டும் எரிந்தது. திரும்பச் சென்று கேட்டதற்கு, எஞ்சினின் கணிப்பொறியையே மாற்ற வேண்டியிருக்கலாம் என்றனர். அதன் விலையைக் கேட்ட தாயார், தாம் ரயிலில் நின்றுகொண்டே போவதாகக் கூறிவிட்டார்.

கோந்த்வாச் சந்து ஒன்றில் தகரக் கொட்டகையின் கீழ் வண்டி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். நம்மை அவர் 'அண்ணா' என்றே அழைப்பார். தெற்கத்தியர் யாவரும் இவ்வூரில் அண்ணாதானே! அவர் கேட்ட முதற் கேள்வி, "நம்பர் என்ன?" என்பது. நாம் விழித்தோம். ஒர்க்‌ஷாப்பில் எண்ணை யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அண்டை வீட்டு மாணவனிடம் சிறு கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்து செருகினோம். நம் கைபேசியில் இறக்கியிருந்த இலவச மென்பொருள், 'ஆக்ஸிஜன் சென்சார் கோளாறு' என்று மூன்றே சொற்களில் ஓதிவிட்டு, விளம்பரம் காட்டத் தொடங்கிற்று. மாணவனின் கைபேசியிலிருந்த மென்பொருளோ, பி-0135 என்று எண்ணைக் காட்டி, 'ஆக்ஸிஜன் சென்சாரைச் சூடாக்கும் சர்க்யூட், முதல் வரிசை, முதல் சென்சார்' என்று முழு வாசகத்தையும் தந்தது.

'சர்க்யூட்' என்ற சொல்லைக் கேட்டதும் முதியவர் பானெட்டைத் திறந்தார். சென்சாரை அவர் தொடவே இல்லை. அதற்குச் செல்லும் வயரை விரலாலேயே தடவிக்கொண்டு சென்று, ஓரிடத்தில் நிறுத்தினார். எலி கடித்திருந்தது. வயரை ஒட்டி, நாடா சுற்றிக் கொடுத்தார். தேநீர்ச் செலவு உட்பட ரூ. 150. அந்தப் பொங்கலுக்கு நாம் ஊர் போய்ச் சேர்ந்தோம், திரும்பியும் வந்தோம், விளக்கு எரியவில்லை.

இதில் கவனிக்கத் தக்கது யாதெனில், வண்டி பொய் சொல்லவில்லை. சூடாக்கும் சர்க்யூட்டில் மின்சாரம் ஓடவில்லை என்றே அது சொல்லிற்று. சர்க்யூட் என்றால் சென்சாரும் உண்டு. வயரும், இணைப்புமுனையும், ஃப்யூஸும் உண்டு. இவற்றுள் விலை மிகுந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விழுங்கியவர்கள் மனிதர்கள். மூன்று சொற்களில் ஓதிய அந்த மென்பொருளும் அவர்களுக்குத் துணை போயிற்று. குறி எண் என்பது வாதியின் முறையீடு, தீர்ப்பன்று. முறையீட்டை முழுமையாக எழுதித் தரும் மென்பொருளே வாங்கத் தக்கது. நாம் அன்பருக்குக் கூற விரும்பியதும் இதுவே, எஞ்சியவை விவரங்கள்.

குறி எண்ணைப் படிக்கும் முறை எளிது. முதலெழுத்து வண்டியின் பகுதியைக் குறிக்கும். எஞ்சின், கியர் முதலியவற்றுக்கு ஆங்கிலப் 'பி'. உடற்பகுதிக்கு இன்னொரு 'பி'. சக்கரம், பிரேக் பகுதிக்கு 'சி'. கணிப்பொறிகளின் தொடர்புக்கு 'யு'. (தமிழில் எழுதுங்கால் இரண்டு 'பி'க்களும் ஒன்றாகிவிடுவது நம் எழுத்தின் சிக்கனம். மெக்கானிக்கிடம் சொல்லும்போது எஞ்சின் பி என்றோ பாடி பி என்றோ சேர்த்துச் சொல்க.) அடுத்த இலக்கம் பூஜ்யமாயின் அவ்வெண் எல்லாக் கம்பெனி வண்டிகளுக்கும் பொது, ஒன்றாயின் அந்தக் கம்பெனிக்கே உரியது. பொது மென்பொருள்கள் திணறுவது இந்த இரண்டாம் வகையில்தான்.

பழைய வண்டிக்காரர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தம் வண்டி பேசும் வண்டிதானா என்பதை. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்தே, எந்தக் கம்பெனியாயினும் ஒரே வடிவப் பொருத்துவாயும் பொதுக் குறி எண்களும் வேண்டும் என்று சட்டம் ஆயிற்று. ஐரோப்பாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 2001-இல் வந்தது. நம் நாட்டில் 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் தில்லி வட்டாரத்துக்கும் பதின்மூன்று நகரங்களுக்கும் வந்தபோது, முதற்படியாக இந்தத் தன்சோதனை முறையும் வந்தது. 2013 ஏப்ரலில் இரண்டாம் படி. முதற்படி பெரும்பாலும் மின்சுற்று அறுந்துள்ளதா என்று பார்ப்பதோடு அமையும். எஞ்சினில் தீப்பற்றாமை, புகை வடிகட்டியின் தேய்வு முதலியவற்றை அளப்பது இரண்டாம் படி. அப்பதின்மூன்று நகரங்களுள் புனேயும் சென்னையும் உண்டு. மதுரையும் திருநெல்வேலியும் இல்லை. நாடு முழுவதும் அவ்விதி பரவியது 2017 ஏப்ரலில். ஆகவே 2010-க்குப் பின் புனேயில் வாங்கிய வண்டிக்கு ஐயமில்லை. ஊரிலிருந்து தமிழ்நாட்டு எண்ணோடு ஓட்டிவந்த பழைய வண்டியாயின், அதில் பொருத்துவாய் இருந்தும் பொது மொழி பேசாதிருக்கக்கூடும். காசு கொடுப்பதற்கு முன் குனிந்து பார்த்துவிடுவது நலம்.

எங்கே பார்ப்பது? ஸ்டீரிங்கின் கீழே, முழங்காலுக்கு அருகில், பதினாறு துளைகள் இரு வரிசையாக அமைந்த சரிவகப் பொருத்துவாய் இருக்கும். கைபேசி விளக்கை அடித்து உற்று நோக்குக. 6-ஆம், 14-ஆம் துளைகளில் உலோகம் மின்னுமாயின் வண்டி 'கேன்' என்னும் புதிய முறையில் பேசக்கூடியது. அவ்விரண்டும் வெறுமையாக இருந்து 7-இல் மட்டும் உலோகம் இருப்பின், 'கே-லைன்' என்னும் பழைய முறை; பேச்சு மெதுவாக வரும், எல்லா மலிவுக் கருவிகளும் அதைச் செம்மையாகப் புரிந்துகொள்வதில்லை.

கருவியைப் பற்றி ஒரு சொல். கனடாவின் ஈ.எல்.எம். எலெக்ட்ரானிக்ஸ் என்னும் சிறு கம்பெனி ஈ.எல்.எம். 327 என்ற சில்லைச் செய்தது. அதன் முதற் பதிப்பைப் பூட்டாமல் விட்டதனால் உலகெங்கும் நகல்கள் பெருகின. மூலக் கம்பெனி 2022-இல் கடையை மூடிவிட்டது. இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நீலநிறக் குமிழ்கள் யாவும் அந்நகல்களே. '1.5 பதிப்பு' என்று மேலே அச்சிட்டிருக்கும், அக்கம்பெனி 1.5 என்றொரு பதிப்பை வெளியிட்டதே இல்லை! ஆயினும் நகல் என்ற ஒன்றே குற்றமாகாது. மாணவன் இரவல் தந்ததும் நகல்தான். பழைய கே-லைன் வண்டிக்காரர் மட்டும் ஓ.பி.டி. லிங்க், வீ-லிங்கர் போன்றவற்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது தகும். ஐபோன் வைத்திருப்போர் சாதாரண புளூடூத் கருவியை வாங்கி ஏமாற வேண்டாம். வை-ஃபை உள்ளதோ, குறைந்த மின்திறன் புளூடூத் உள்ளதோ வேண்டும். வேலை முடிந்தபின் கருவியைப் பிடுங்கிவிடுக. வாரக்கணக்கில் அதிலேயே விட்டால் பழைய பேட்டரியை அது மெல்லக் குடித்துவிடும்.

இனி மென்பொருள். பொதுப்பயனுக்கு, ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கிடைக்கும் 'கார் ஸ்கேனர்' போதும் என்பது நம் கருத்து. எண், முழு வாசகம், அக்கணத்து அளவுகள், விளக்கு எரிந்த நொடியில் எஞ்சின் இருந்த நிலை ஆகியவற்றைக் காட்டுகிறது. கம்பெனிவாரியாகத் தேர்ந்துகொள்ளவும் இடமுண்டு. ஆனால் நம் புனேக்காரர்களில் பலரிடம் இருப்பது இப்பக்கத்திலேயே பிறந்த வண்டிகள். சாகணில் செய்த ஃபோக்ஸ்வாகனுக்கு, அமெரிக்காவின் ராஸ்-டெக் செய்யும் வி.சி.டி.எஸ். என்ற மென்பொருள் உண்டு. அதற்குரிய கேபிளோடு வாங்க வேண்டும், விலை கூடுதல். ராஞ்சண்காவில் செய்த ஃபியட் லீனியா, புண்டோ வண்டிகளுக்கு மல்ட்டி-ஈ.சி.யூ.-ஸ்கேன் உதவும். நம்மவர்களில் சிலர் மறைமலைநகரில் பிறந்த ஃபோர்டு வண்டியை ஊர்ப்பாசத்தோடு இன்னும் வைத்திருக்கின்றனர். அக்கம்பெனி இந்தியாவில் வண்டி செய்வதை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. அவ்வண்டிகளுக்கு ஃபோர்-ஸ்கேன் கைகொடுக்கும். குறி படிக்கும் அளவுக்கு விண்டோஸ் கணிப்பொறியில் அதை விலையின்றியே பயன்படுத்தலாம்.

இவ்விடத்தில் ஒரு கிளைச் செய்தி. விளக்கு எரியவில்லை, குறியும் இல்லை என்பதனால் வண்டி தூயது என்று எண்ணிவிடலாகாது. 2013-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகக் குழு, ஃபோக்ஸ்வாகன் டீசல் வண்டிகளைச் சாலையில் ஓட்டி, புகையை நேரே அளந்தது. வண்டிகளின் தன்சோதனை ஒரு குறையும் சொல்லவில்லை; நைட்ரஜன் ஆக்சைடுகளோ அனுமதித்த அளவைப்போல் 35 மடங்கு வரை வந்தன. அக்குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்ற பொறியாளர் ஒருவர் இருந்தார். பெயரைக் கேட்டதும் நம் நெஞ்சு நிமிர்ந்ததை மறைப்பானேன். அதன் எதிரொலி நம் ஊருக்கும் வந்தது. புனேக் குன்றின் மீதுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. ஆராய்ச்சி நிலையம் சாலையில் ஓட்டிப் பார்த்தபின், 2015 டிசம்பரில் அக்கம்பெனி இந்தியாவில் 3,23,700 வண்டிகளைத் திருத்தத்துக்குத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. கணிப்பொறி என்ன சொல்ல வேண்டும் என்று எழுதியவன் மனிதன். நிற்க.

எல்லா மென்பொருளிலும் 'அழி' என்றொரு பொத்தான் உண்டு. பதிவு புதுப்பிக்கச் செல்வோர்க்கு அதன் மீது விரல் போகும் ஆசை எழுவது இயல்பே. அதை அழுத்தினால் எண் மட்டும் அழிவதில்லை. கோளாறு நேர்ந்த நொடியின் பதிவும் தன்சோதனை முடிவுகளும் சேர்ந்தே போய்விடும். பிறகு நல்ல மெக்கானிக்கிடம் போனாலும் அவருக்குப் பிடிகொம்பு ஒன்றும் இராது. முதலில் எண்ணைத் தாளில் எழுதுக. திரையைப் படம் எடுத்துக்கொள்க. பழுது நீங்கியபின் அழிக்கலாம்.

இவ்வளவும் எழுதி முடித்தபின், சென்ற ஞாயிறு காலை அன்பரே வண்டியை நம் இல்லத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். 6-இலும் 14-இலும் உலோகம் இருந்தது. மாணவனின் பழைய நகற்கருவியையே செருகினோம். எஞ்சின் பி-0113: உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சர்க்யூட். அக்கணத்து அளவுகளைத் திறந்தபோது, கோந்த்வாவின் வெயிலில் நின்ற அவ்வண்டி, தான் இழுக்கும் காற்றின் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி என்றது. அன்பர் உரக்க நகைத்தார். பிறகு, பத்து நாட்களுக்கு முன் ஏர் ஃபில்டரைத் தாமே கழற்றித் துடைத்ததாக மெல்லிய குரலில் ஒப்புக்கொண்டார். ஃபில்டர்ப் பெட்டியின் பக்கத்தில், அந்தச் சென்சாரிலிருந்து கழன்ற இணைப்புமுனை தொங்கிக்கொண்டிருந்தது. 'டக்' என்ற ஒலியோடு அதைப் பொருத்தியதும், திரையில் எண் 36-க்கு ஏறி நின்றது. பதிவைப் புதுப்பிப்பதா என்ற வாதம் மட்டும் அவர் இல்லத்தில் இன்னும் முடிந்தபாடில்லை.