பெயர் இருந்தால் போதுமா? கலை அறக்கட்டளைகளின் குழு உறுப்பினர்கள் குறித்து

சென்ற மாதம் ஓர் அழைப்பு வந்தது. கொல்கத்தாவில் இயங்கும் சிறிய இசை அறக்கட்டளை ஒன்றின் இயக்குநர் குழுவில் உறுப்பினராகச் சேருமாறு அதன் செயலாளர் கேட்டார். இசை வரலாற்றில் ஆய்வு செய்பவன் என்பதாலும், தமிழ்நாட்டுச் சபாக்களோடு சிறிது பழக்கம் உள்ளவன் என்பதாலும் என் பெயரை யாரோ முன்மொழிந்திருக்கிறார்கள். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. குழு ஆண்டுக்கு எத்தனை முறை கூடும், வரவுசெலவுக் கணக்கைக் கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னதாக அனுப்புவீர்கள் என்று இரண்டே கேள்விகள் கேட்டேன். "அந்தத் தொந்தரவெல்லாம் உங்களுக்கு இருக்காது, உங்கள் பெயர் இருந்தால் போதும்" என்றார்.

அன்போடு சொன்ன சொல்தான். ஆனால் நம் நாட்டுக் கலை அமைப்புகளின் நோய் முழுவதும் அந்த ஒரு விடையில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. குழு உறுப்பினர் பதவியை நாம் சால்வையைப்போல் கருதுகிறோம். போர்த்துபவருக்கும் மகிழ்ச்சி, போர்த்தப்படுபவருக்கும் மகிழ்ச்சி. அது ஒரு வேலை என்பதை இருவருமே மறந்துவிடுகிறோம்.

நான் குடியிருப்பது டாலிகஞ்சில். தமிழ் நண்பர்களுக்கு இப்பகுதி வங்காளத் திரைப்பட நிலையங்களால் அறிமுகமாகியிருக்கலாம். இங்குள்ள மெட்ரோ நிலையத்துக்கே நடிகர் உத்தம் குமாரின் பட்டப்பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இதே டாலிகஞ்சில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையில், ஐடிசி சங்கீத ஆய்வுக் கழகம் இருக்கிறது. ஐடிசி நிறுவனம் 1977இல் தனி அறக்கட்டளையாக இதனை நிறுவியது. குருமார்கள் வளாகத்திலேயே குடியிருந்து கற்பிக்க, மாணவர்கள் உதவித்தொகை பெற்றுக்கொண்டு பல ஆண்டுகள் உடனிருந்து கற்கும் அமைப்பு இது.

இங்குக் கற்பித்தவர்களின் பெயர்களை இசை ஆர்வலர்கள் வரிசையாகச் சொல்வார்கள். நிசார் உசேன் கான், கிரிஜா தேவி, உல்ஹாஸ் கசல்கர் என்று அவ்வரிசை நீளும். நமக்கு நெருக்கமான ஒரு பெயரும் அதில் உண்டு. சென்னையில் பிறந்து, கொல்கத்தாவைத் தம் ஊராக்கிக்கொண்டு, கிரானா மரபில் கியால் பாடிய ஏ. கானன். அவரும் அவருடைய துணைவியார் மாலவிகா கானனும் இங்குக் குருமார்களாக இருந்தனர். 1980இல் நிசார் உசேன் கானுடன் இவ்வளாகத்துக்கு வந்த சிறுவன்தான் பிற்காலத்தில் நாடறிந்த ரஷீத் கான்.

குருமார்களின் பெயர்களையும் மாணவர்களின் பெயர்களையும் நாம் அறிவோம். ஒரு சிறுவன் மேடையேறாமலேயே ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொண்டிருக்கட்டும், அதற்கான செலவை ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்குவோம் என்று முடிவெடுத்த கூட்டங்களை நாம் நினைத்துப்பார்ப்பதில்லை. ஓர் ஆசிரியருக்கு வீடும் மாத ஊதியமும், ஒரு மாணவருக்கு உணவும் உதவித்தொகையும் இடையறாது கிடைக்க வேண்டுமானால், யாரோ சிலர் கணக்கேட்டின் முன்பு அமர்ந்து அதற்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கச்சேரியில் கைதட்டல் பெறாத அந்த உழைப்பும் இசையின் வரலாற்றில் சேர்ந்ததே. எங்கள் துறையில் அதை எழுதுவோர் குறைவு; அந்தக் குறை எனக்கும் உண்டு.

குழு உறுப்பினர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழர் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் விடை பொறித்திருக்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காகவே நாம் பெரிதும் மேற்கோள் காட்டுகிறோம். அவற்றின் தகுதியின்மைப் பட்டியலை அவ்வளவு அக்கறையோடு படிப்பதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வர இயலாது. பதவிக்காலம் ஓராண்டு, முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அந்தச் சபை நிலமுடைய, வேதம் கற்ற சிலருக்கு மட்டுமே உரியது. அதை மக்களாட்சி என்று கொண்டாட நான் விரும்பவில்லை. எனினும் கணக்கு, கால வரம்பு, உறவினர் விலக்கு என்ற மூன்றையும் அவர்கள் எழுதிவைத்தார்கள். இன்று நம் சபாக்களில் எத்தனை இம்மூன்றையும் விதிகளில் வைத்துக் கடைப்பிடிக்கின்றன என்பதை வாசகர்களே எண்ணிப்பார்க்கலாம்.

குழு விழித்திருக்காவிட்டால் அதன் விலையைக் கொடுப்பவர்கள் யார்? சென்னைக் கலாக்ஷேத்ராவை நினைவுகூர்கிறேன். ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய அந்நிறுவனம், அவர் மறைவுக்குப் பின் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மைய அரசின் தன்னாட்சி நிறுவனமாயிற்று. ஆளுகைக் குழு, கல்விக் குழு, நிதிக் குழு என்று எல்லாம் சட்டத்திலேயே உள்ளன. ஆயினும் 2023 மார்ச்சில், பாலியல் துன்புறுத்தல் முறையீடுகளை முன்வைத்து மாணவர்கள் வளாகத்தில் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. அதன் பிறகே ஆளுகைக் குழு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் மூவர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. வழக்கின் உள்ளே நான் செல்லவில்லை. என் கேள்வி குழுக்களின் அமைப்பைப் பற்றியது. வகுப்பறைத் தரைக்கும் ஆளுகைக் குழுவின் மேசைக்கும் இடையே, போராட்டத்தைத் தவிர வேறு வழி இல்லை என்று மாணவர்கள் உணரும் அளவுக்குத் தொலைவு இருந்திருக்கிறது. அந்தத் தொலைவைக் குறைப்பது குழு உறுப்பினர்களின் வேலை. அது மாணவர்களின் வேலை அன்று.

இனிப் பணத்துக்கு வருவோம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பெருநிறுவனங்கள் தம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கலையும் பண்பாடும் அப்பட்டியலில் உள்ளன. இதனால் கலை அமைப்புகளின் குழுக்களில் நிறுவன அதிகாரிகள் இடம்பெறுவது இயல்பாகிவிட்டது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கணக்கு வாசிக்கத் தெரிந்தவர்கள் குழுவுக்குத் தேவை. ஆனால் அச்சட்டத்தின் விதிகள், தொடர் திட்டம் ஒன்றுக்குத் தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்றாண்டுகளையே எல்லையாக வைக்கின்றன. மூன்றாண்டில் ஒரு கியால் பாடகரையோ நாகஸ்வரக் கலைஞரையோ உருவாக்க முடியாது. பணத்தின் காலக்கணக்குக்கும் கலையின் காலக்கணக்குக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை நிரப்பத்தான் குழு இருக்கிறது. நன்கொடையாளரிடம் "இன்னும் ஐந்தாண்டு பொறுங்கள்" என்று சொல்லும் துணிவு அதற்கு வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் துணிவும் வேண்டும். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் குழுவின் துணைத்தலைவராக இருந்தவர், அவருடைய நிறுவனம் கண்ணீர்ப்புகைக் குண்டுகள் தயாரித்ததைக் கலைஞர்கள் எதிர்த்ததால் 2019 ஜூலையில் பதவி விலகினார். அக்கேள்வியைக் குழுவே முதலில் எழுப்பியிருந்தால், கலைஞர்கள் தம் படைப்புகளைத் திரும்பக் கேட்கும் நிலை வந்திருக்காது.

"கலைஞர்களைக் குழுவில் சேர்த்தால் அவரவர் தம் மரபுக்காகவும் தம் சீடருக்காகவும் வாதாடுவார்கள், அரசியல்தான் மிஞ்சும்" என்ற மறுப்பை அடிக்கடி கேட்கிறேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் டாலிகஞ்ச் அதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. சங்கீத ஆய்வுக் கழகத்தைத் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு வழிநடத்திய விஜய் கிச்லு, தாமே ஆக்ரா மரபுப் பாடகர். அவர் பொறுப்பிலிருந்த காலத்தில்தான் ராம்பூர்-சகஸ்வான், கிரானா, பனாரஸ் என்று பல மரபுகளின் குருமார்கள் ஒரே வளாகத்தில் கற்பித்தனர். ஒரு கலைஞருக்குத் தம் மரபின்மேல் பற்று இருக்கலாம். அந்தப் பற்றே பிற மரபின் மதிப்பை அறியும் கண்ணையும் தருகிறது. எஞ்சியுள்ள அச்சத்துக்கு எளிய விதி போதும். தமக்கோ தம் சீடருக்கோ தொடர்புள்ள பொருள் வரும்போது உறுப்பினர் அதனை அறிவித்துவிட்டு அறையைவிட்டு வெளியே செல்ல வேண்டும். அவர் வெளியே சென்றதைக் கூட்டக் குறிப்பில் பதிய வேண்டும்.

"பெயர் மட்டும்தான் கொடுத்தேன்" என்பது சட்டத்தின் முன்னும் நிற்காது. இலாப நோக்கற்ற கம்பெனியாகப் பதிவு பெற்ற அமைப்பானால், அதன் இயக்குநரும் உரிய கவனத்தோடும் சொந்த மதிப்பீட்டோடும் செயல்படக் கடமைப்பட்டவர் என்று அதே சட்டத்தின் 166ஆம் பிரிவு கூறுகிறது. ஊதியம் பெறாத இயக்குநருக்கு என்று தனி விலக்கு ஏதும் அதில் இல்லை. சட்டத்தை விடுங்கள். தமிழில் இப்பதவிக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அறங்காவலர். காவல் என்பது பெயர்ப்பலகையில் இருப்பதாலோ குத்துவிளக்கு ஏற்றுவதாலோ நிறைவேறுவதன்று. இரவில் விழித்திருப்பவரையே நாம் காவலர் என்கிறோம்.

கல்லூரி நாள்களில் தமிழ்நாட்டில் ஒரு சபாவின் கூட்டங்களுக்குக் குறிப்பெழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. ஒரு கூட்டத்தில் ஆண்டுக் கணக்கு பத்து நிமிடத்தில் நிறைவேறிற்று. சிறப்பு விருந்தினரை யார் வரவேற்பது என்பதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்தக் கணக்கில், மிருதங்கக் கலைஞர் ஒருவருக்குத் தர வேண்டிய எட்டு மாத நிலுவை ஒரு வரியாக இருந்தது. மேசையைச் சுற்றிப் பதினொரு பேர் அமர்ந்திருந்தார்கள். அனைவரும் நல்லவர்கள், ஒருவரும் அந்த வரியைப் படிக்கவில்லை. நான் படித்தேன், குறிப்பெழுத வந்தவன் பேசலாகாது என்று வாய்மூடி இருந்தேன். அந்த மௌனம் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே அழைப்புக்கு இவ்வாறு பதில் எழுதினேன். ஆண்டுக்கு நான்கு கூட்டங்களேனும் நடைபெற வேண்டும். கணக்கு பத்து நாள் முன்னதாகக் கைக்கு வர வேண்டும். கலைஞர்களுக்கான நிலுவை ஒவ்வொரு கூட்டத்திலும் முதற்பொருளாக இருக்க வேண்டும். மாணவர் ஒருவரும் பக்கவாத்தியக் கலைஞர் ஒருவரும் குழுவில் இடம்பெற வேண்டும். என்னையும் சேர்த்து எவரும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கக் கூடாது. இவற்றுக்கு இசைந்தால் என் பெயரோடு என் உழைப்பையும் தருகிறேன் என்றேன்.

மூன்று வாரமாகிறது, பதில் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம். இதைப் படிக்கும் நண்பர்களில் சிலர் ஏதேனும் ஒரு கலை அமைப்பின் குழுவில் இருப்பீர்கள். கடைசிக் கூட்டத்தின் குறிப்பையும் நிலுவைப் பட்டியலையும் இந்த வாரம் ஒருமுறை கேட்டு வாங்கிப் படியுங்கள். மாற்றுக் கருத்து உடையோர் எழுதுங்கள், கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.