துப்பாக்கிப் பங்கு மலிவுதானா?

லாபத்தைப்போல் எட்டு மடங்குகூட விலை இல்லை. வங்கிக் கடன் இல்லை. கையில் ரொக்கம் நிறைய. காலாண்டுக்கு ஒருமுறை ஈவுத்தொகை. இப்படி ஒரு பங்கு கண்ணில் பட்டால், மதிப்பு முதலீடு பற்றி இரண்டு புத்தகம் படித்த எந்த இளையருக்கும் கை துறுதுறுக்கும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க் பங்குச் சந்தையில் அப்படி ஒரு நிறுவனம் இருந்தது. பெயர் ஸ்டர்ம் ரூகர். செய்யும் தொழில், துப்பாக்கி.

உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலே சிறைக்குப் போகவேண்டிய ஊரில் இருக்கிறோம். நமக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். ஆனால் ரயிலில் நின்றுகொண்டே கைப்பேசியில் அமெரிக்கப் பங்கு வாங்கும் காலம் இது. மலிவான பங்குகளை வடிகட்டித் தரும் செயலிக்கு, நிறுவனம் துப்பாக்கி செய்கிறதா தோசைக்கல் செய்கிறதா என்ற அக்கறை கிடையாது. ரூகரும் அதன் போட்டி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெசனும் அப்படிப்பட்ட பட்டியல்களில் அடிக்கடி தலைகாட்டுகின்றன. அதனால் கணக்கைப் பார்த்துவிடுவோம். துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிறகு பேசலாம்.

ரூகர் 1949ல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கப்பட்டது. வில்லியம் ரூகர் வடிவமைப்பாளர். அலெக்சாண்டர் ஸ்டர்ம் பணம் போட்டவர். முதல் முதலீடு 50,000 டாலர். ஸ்டர்ம் இரண்டே ஆண்டுகளில் இறந்துவிட்டாலும் பெயரில் இன்னும் இருக்கிறார். 1964ல் வந்த இவர்களின் 10/22 என்ற சிறு ரைஃபிள் இன்றும் விற்பனையில் இருக்கிறது. நிர்வாகம் சிக்கனமானது. ஈவுத்தொகையை நிலையான தொகையாக வைக்காமல், அந்தக் காலாண்டு லாபத்தில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். லாபம் குறைந்தால் ஈவும் குறையும். கடன் வாங்கி ஈவு கொடுக்கும் நிறுவனங்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது நேர்மையாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

2021ல் ஒரு பங்குக்கு 8.78 டாலர் லாபம். ஆண்டு முடிவில் பங்கு விலை சுமார் 68 டாலர். வகுத்தால் எட்டு மடங்குக்கும் குறைவு. மூன்று ஆண்டுகள் கழித்து என்ன ஆயிற்று? 2024ல் ஒரு பங்குக்கான லாபம் 1.77 டாலர். விலை சுமார் 35 டாலர். அதாவது விலை பாதியாகிவிட்டது. ஆனால் விலை-லாப விகிதம் 20ஆக ஏறிவிட்டது. மலிவாக இருந்தபோது வாங்கியவர், இடையில் வந்த ஈவுத்தொகையைச் சேர்த்தாலும் நட்டத்தில் நின்றார். அதே மூன்று ஆண்டுகளில் எஸ் அண்ட் பி 500 குறியீடு 20 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருந்தது.

இதில் மோசடி எதுவும் இல்லை. நிர்வாகம் பொய்க்கணக்கு எழுதவில்லை. 2021ன் லாபம் உண்மையான லாபம்தான். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம்.

துப்பாக்கி சோப்பு மாதிரி தீர்ந்துபோகும் பொருள் அல்ல. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தால் வாங்கியவரின் பேரன் காலம்வரை வரும். பழைய துப்பாக்கிகளுக்குத் தனிச் சந்தையே இருக்கிறது. ஏற்கெனவே வைத்திருப்பவர் இன்னொன்று வாங்க ஒரு காரணம் வேண்டும். புதிய மாதிரி வந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பயம். நாளைக்குத் தடை வந்துவிடுமோ, ஊரில் கலவரம் வந்துவிடுமோ என்ற பயம்.

2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 பிள்ளைகளும் ஆறு பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிபர் ஒபாமா கட்டுப்பாடுகள் கொண்டுவர முயன்றார். தடை வருமுன் வாங்கிவிட வேண்டும் என்று கடைகளில் கூட்டம். 2012ல் 492 மில்லியன் டாலராக இருந்த ரூகரின் விற்பனை 2013ல் 688 மில்லியன். 40 விழுக்காடு ஏற்றம்! தடைச் சட்டம் செனட் சபையில் தோற்றது. பயம் தணிந்தது. 2014ல் விற்பனை 545 மில்லியனாக இறங்கியது. ஒரு பங்குக்கான லாபம் 5.58 டாலரிலிருந்து 1.95க்கு விழுந்தது.

2016 தேர்தலில் ஹில்லரி கிளிண்டன் வெல்வார் என்ற எதிர்பார்ப்பில் மறுபடியும் ஏற்றம். துப்பாக்கி உரிமைக்கு ஆதரவான டிரம்ப் வென்றார். துப்பாக்கிப் பிரியர்கள் கொண்டாடிய மறுநாள் ரூகர், ஸ்மித் அண்ட் வெசன் பங்குகள் சுமார் 15 விழுக்காடு சரிந்தன. தங்களுக்கு வேண்டியவர் பதவிக்கு வந்தால் விற்பனை விழும் விசித்திரமான தொழில் இது. 2019ல் ரூகரின் விற்பனை 410 மில்லியன். பிறகு கொவிட், ஜார்ஜ் ஃபிளாய்ட் மரணத்தைத் தொடர்ந்த கொந்தளிப்பு, மீண்டும் ஒரு தேர்தல், எல்லாம் ஒரே ஆண்டில். துப்பாக்கி வாங்குவோருக்கும் உரிமம் கேட்போருக்கும் எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனைகள் 2019ல் 28 மில்லியன். 2020ல் கிட்டத்தட்ட 40 மில்லியன். 2021ல் ரூகரின் விற்பனை 731 மில்லியனைத் தொட்டது. அந்த 8.78 டாலர் இப்படி வந்ததுதான். அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் வாங்கியிருக்க வேண்டியவர்களில் பலர் முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள்.

இப்படி ஏறி இறங்கும் தொழில்களில் ஓர் ஆண்டு லாபத்தை வைத்து மலிவு என்று சொல்லக்கூடாது. விகிதம் குறைவாகத் தெரிவது பெரும்பாலும் லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான். பெஞ்சமின் கிரஹாம் 1930களிலேயே இதற்கு வழி சொன்னார்: ஏழு முதல் பத்து ஆண்டு லாபத்தின் சராசரியை எடுங்கள். ரூகருக்கு 2015 முதல் 2024 வரை கூட்டி வகுத்தால் ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 3.90 டாலருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. 68 டாலர் விலை அந்தச் சராசரியைப்போல் ஏறக்குறைய 17 மடங்கு. மலிவே இல்லை. 35 டாலரோ ஒன்பது மடங்குதான். செயலி மலிவு என்றபோது விலை அதிகம். விலை அதிகம் என்றபோது மலிவு. அந்தச் சராசரியிலும் கொவிட் ஆண்டுகளின் ஊட்டம் இருக்கிறது. 2020, 2021, 2022 மூன்றையும் எடுத்துவிட்டால் சராசரி 2.84 டாலர்தான். நான் இந்த இரண்டாவது எண்ணைத்தான் நம்புவேன்.

இருப்புநிலைக் குறிப்பில் ஒரு நல்ல விஷயம் உண்டு. 2024 முடிவில் ரொக்கமும் குறுகியகால முதலீடுகளும் 100 மில்லியன் டாலருக்கு மேல். பங்குகள் சுமார் 17 மில்லியன். பங்குக்கு ஆறு டாலர் ரொக்கமாகவே இருந்தது. கடன் சுமையோடு ஓடிய ரெமிங்டன் 2018லும் 2020லும் திவால் மனு கொடுத்தது. அதன் மார்லின் பிரிவை 30 மில்லியன் டாலருக்குள் வாங்கிக்கொண்டது ரூகர். மோசமான ஆண்டுகளைத் தாங்க ரொக்கம் இருப்பவருக்குத்தான் இந்தத் தொழில்.

நிறுவனம் பொதுமக்களுக்கு நேரடியாக விற்பதில்லை. மொத்த வணிகர்களுக்கு விற்கிறது. ஆகவே அதன் விற்பனை எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். மொத்த வணிகர்களிடமிருந்து கடைகளுக்கு எத்தனை போயிற்று, அவர்களின் கிடங்கில் எத்தனை தேங்கியிருக்கிறது என்ற மதிப்பீட்டையும் ரூகர் அறிக்கையில் தருகிறது. தேக்கம் கூடினால் அடுத்த காலாண்டு விற்பனை இறங்கும் என்று எதிர்பார்க்கலாம். லாப எண்ணுக்கு முன்பு நான் பார்ப்பது அந்த அட்டவணையைத்தான்.

அரசியலையும் கணக்கில் சேர்க்கவேண்டும். 2000ஆம் ஆண்டில் ஸ்மித் அண்ட் வெசன் கிளிண்டன் அரசாங்கத்துடன் பாதுகாப்பு உடன்பாடு செய்தது. வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு புறக்கணித்தார்கள். 1987ல் 112.5 மில்லியன் டாலருக்கு வாங்கப்பட்ட நிறுவனம், 2001ல் கடன் பொறுப்போடு 15 மில்லியனுக்குக் கைமாறியது. மறுபக்கம், 2005ல் வந்த ஒரு சட்டம் குற்றவாளிகளின் செயலுக்காகத் துப்பாக்கி நிறுவனங்கள்மீது வழக்குப் போடுவதைப் பெருமளவு தடுக்கிறது. 2017ல் டெக்சஸ் மாநிலத்தின் சதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 உயிர்களைப் பறித்தது ரூகர் ஏஆர்-556. அந்த ஆடவனின் பழைய குற்றத்தை எஃப்பிஐக்குத் தெரிவிக்கத் தவறியதற்காக அமெரிக்க விமானப்படைமீது 60 விழுக்காடு பொறுப்பைச் சுமத்தினார் நீதிபதி, மிச்சம் சுட்டவன்மீது. ஆனால் அந்தச் சட்டத்திலும் இடைவெளி உண்டு. விளம்பரம் செய்த விதத்தைக் காட்டி வழக்காடிய சாண்டி ஹூக் குடும்பங்களுக்கு 2022ல் ரெமிங்டனின் காப்புறுதி நிறுவனங்கள் 73 மில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன.

நம்மூரிலிருந்து வாங்குபவருக்கு இன்னொரு வெட்டு இருக்கிறது. சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ அமெரிக்காவுடன் முழுமையான வருமானவரி உடன்பாடு இல்லை. ஆகவே ஈவுத்தொகையில் 30 விழுக்காடு அங்கேயே பிடிக்கப்படும். 2023 தொடக்கத்தில் ரூகர் பங்குக்கு 5 டாலர் சிறப்பு ஈவு கொடுத்தது. நம் கணக்குக்கு வந்தது 3.50. வருமானம் பெரிதும் ஈவாக வரும் பங்குக்கு இது சின்னக் குறை அல்ல. அமெரிக்கர் அல்லாதவர் இறக்கும்போது அவர் வைத்திருக்கும் அமெரிக்கப் பங்குகள் 60,000 டாலரைத் தாண்டினால் மரபுரிமைச் சொத்து வரியும் உண்டு. பிள்ளைகள் பெயரைச் சொல்லி முதலீடு செய்யும் பெற்றோர் பலருக்கு இது தெரியாது.

வாங்குவதா, வேண்டாமா? எந்தப் பங்கானாலும் விலை இரட்டிப்பாக என்ன நடக்கவேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்ப்பது என் வழக்கம். ரூகருக்கு எழுதினால் மூன்று வரி வருகிறது. புதிய மாதிரிகள் நன்றாக விற்கலாம். அதில் கிடைப்பது மெதுவான வளர்ச்சி. வேறொரு நிறுவனம் நல்ல விலை கொடுத்து வாங்கலாம். அது நம் கையில் இல்லை. மூன்றாவது, 2013ஐப் போலவோ 2020ஐப் போலவோ ஓர் ஆண்டு வரவேண்டும். கடந்த காலத்தில் பங்கு விலையைப் பெரிதாகத் தூக்கியது அந்த மூன்றாவதுதான். கலிபோர்னியா ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி 2013ல் இவ்விரு பங்குகளையும் விற்று வெளியேறியது. பிளாக்ராக் போன்ற நிதி நிறுவனங்கள் பங்கை வைத்துக்கொண்டே, 2018ல் துப்பாக்கி வன்முறை பற்றி அறிக்கை தரும்படி ரூகரைக் கேட்கும் தீர்மானத்துக்கு வாக்களித்தன. இரண்டு வழிக்கும் நியாயம் இருக்கிறது. வேட்டைக்கும் விளையாட்டுக்கும் வாங்கும் இலட்சக்கணக்கான அமெரிக்கர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. 35 டாலர் விலையில் எண்களும் ஓரளவு ஒத்துவருகின்றன. ஆனாலும் நான் வாங்கமாட்டேன். பள்ளிக்கூடம் ஒன்றின் பெயர் செய்தியில் வரும் காலையில் என் பங்கு என்ன விலை என்று பார்க்க எனக்கு மனமில்லை.

உங்களுக்கு அப்படித் தோன்றவில்லை என்றால், விற்பனை சூடாக இருக்கும்போது இந்தப் பக்கம் போகாதீர்கள். கடைக்காரர்கள் தள்ளுபடி போட்டுத் தவிக்கும்போது, கிடங்குத் தேக்கம் குறையத் தொடங்கியபின் பாருங்கள். அப்போது உங்கள் செயலி இதை விலை அதிகமான பங்கு என்று காட்டும்.