கமலா ஆரஞ்சில் மார்மலேடு: கெட்டிப்படாதது ஏன்?

கொடைக்கானல் கீழ்மலையில், காப்பிக்கு நடுவே முப்பது கமலா ஆரஞ்சு மரங்கள் வைத்திருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெரிய பழங்களை வியாபாரி எடுத்துக்கொள்கிறார். பொடிப் பழமும் தோலில் வடு விழுந்த பழமும் மரத்தடியிலேயே கிடக்கின்றன. போன பருவத்தில் அவற்றில் 5 கிலோவை எடுத்து மார்மலேடு செய்து பார்த்திருக்கிறார். பாகு போல ஓடியது, வாயில் வைக்க முடியாத கசப்பு, இரண்டே வாரத்தில் பூஞ்சணம். சர்க்கரையும் விறகும் வீணானதில் வீட்டில் பேச்சு வாங்கியதுதான் மிச்சம். கெட்டிப்படுவதற்குக் கடையில் விற்கும் பெக்டின் பொடியை வாங்க வேண்டுமா, இல்லை இந்த வேலையையே விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

பொடி வேண்டாம், வேலையை விடவும் வேண்டாம். பழத்தைத் தோலோடு மிக்சியில் அரைத்து, வடிகட்டித் திப்பியையும் கொட்டையையும் எறிந்து, 2 கிலோ சர்க்கரை போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்க விட்டதாக அவர் கடிதத்தில் இருக்கிறது. கோளாறு எல்லாம் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. கெட்டிப்படுத்தும் பெக்டின், தோலின் உள்பக்க வெள்ளைப் பகுதியிலும் கொட்டையைச் சுற்றியுள்ள வழுவழுப்பிலும்தான் அதிகம். அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் பொடிக்கு அலைவானேன்? கொட்டை மிக்சியில் அடிபட்டால் அதன் கசப்பு முழுவதும் சாறில் இறங்கிவிடும். சர்க்கரை சேர்த்தபின் மணிக்கணக்கில் கொதித்தால், இருக்கிற பெக்டினும் சிதைந்துபோகும், நிறமும் கறுக்கும்.

இன்னொன்று, கமலா ஆரஞ்சில் புளிப்பு குறைவு. பெக்டின், புளிப்பு, சர்க்கரை மூன்றும் சேர்ந்தால்தான் கெட்டிப்படும். இங்கிலாந்தில் மார்மலேடுக்குப் பெயர் பெற்ற செவில் ஆரஞ்சு, பச்சையாகத் தின்ன முடியாத அளவு புளிப்பும் கசப்பும் உள்ள பழம். நம் பழத்துக்கு அந்தக் குறையை எலுமிச்சை தீர்க்கும்.

பழம் எடுக்கும்போதே ஒரு எச்சரிக்கை. மார்மலேடில் தோலையும் தின்கிறோம். மருந்து அடித்த மரமானால், அந்த மருந்துக்குச் சொல்லியிருக்கும் காத்திருப்பு நாட்கள் முடியாமல் அதன் பழத்தைத் தொடக் கூடாது. வடு விழுந்த பழம் பரவாயில்லை. அழுகல் தொட்ட பழமும், பூச்சி துளைத்துச் சாறு வடிந்த பழமும் எருக்குழிக்குத்தான். முழுக்கக் கனிந்ததோடு, பழுக்கத் தொடங்கிய நிலையில் உள்ளதும் கொஞ்சம் கலந்திருந்தால் நல்லது. அதில் பெக்டின் கூடுதல்.

முதல் முறை 1 கிலோ பழம் போதும். பழத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி உரித்து, பாதித் தோலை எடுத்து உள்பக்க வெள்ளையைக் கரண்டியால் சுரண்டித் தனியே வைக்க வேண்டும். சுரண்டிய தோலை ஒரு அங்குல நீளத்தில் தீக்குச்சி கனத்துக்கு நறுக்கி, தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடித்துவிட வேண்டும். புதுத் தண்ணீரில் இன்னொரு தடவை. விரலால் அழுத்தினால் நசுங்கும் பதம் வர வேண்டும். இதில் அவசரம் கூடாது. சர்க்கரையில் விழுந்தபின் தோல் வேகவே வேகாது, தோல்வார் மாதிரி ஆகிவிடும்.

சுரண்டிய வெள்ளையையும் உடையாத கொட்டைகளையும் சுத்தமான வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, நறுக்கிய சுளையோடு ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு முக்கால் மணி நேரம் மெதுவாக வேகவிட வேண்டும். முதல் நாள் இரவே ஊறவைத்தால் இன்னும் நல்லது. ஆறியதும் மூட்டையைப் பிழிந்தால் கொழகொழவென்று இறங்கும். அதுதான் கடைக்காரர் பொடியாக விற்கும் சரக்கு! எல்லாவற்றையும் வடிகட்டி அளக்க வேண்டும். சாறு 1 லிட்டர் இருந்தால் சர்க்கரை முக்கால் முதல் 1 கிலோ, இரண்டு எலுமிச்சையின் சாறு, வேகவைத்த தோல். ரேஷன் சர்க்கரையே போதும். வெல்லம் போட்டால் ஆரஞ்சின் நிறமும் மணமும் அமுங்கி அது வேறு பண்டமாகிவிடும்.

பாத்திரம் அடி கனத்த, வாய் அகன்ற எவர்சில்வர். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்புக்கு ஆகாது. சர்க்கரை கரைந்ததும் தீயைக் கூட்டி, நுரையை எடுத்துக்கொண்டே சுருக்காகக் காய்ச்ச வேண்டும். 5 கிலோவை ஒரே தடவையில் ஏற்றினால் இது நடக்காது.

இறக்கும் பதம்தான் பலருக்கும் தகராறு. வெப்பமானி வைத்திருப்பவர்கள் 105 டிகிரி என்று புத்தகத்தில் படித்திருப்பார்கள். அது சமவெளிக் கணக்கு. 1,300 மீட்டர் உயரத்தில் தண்ணீரே ஏறக்குறைய 96 டிகிரியில் கொதித்துவிடும். அங்கே 105 வரை காய்ச்சினால் கெட்டிப் பாகாகிப் பல்லில் ஒட்டும். தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் 5 டிகிரி என்பதே சரியான கணக்கு. வெப்பமானி இல்லாவிட்டால் தராசு போதும். காலிப் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்துவைத்து, உள்ளே இருப்பது சர்க்கரையின் எடையைப் போல ஒன்றரை மடங்குக்கு வரும்போது இறக்கலாம். 1 கிலோ சர்க்கரை போட்டால் ஒன்றரைக் கிலோ. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும்.

இறக்கிப் பத்து நிமிடம் விட்டு, ஒருமுறை கிளறி ஊற்றினால் தோல் மேலே மிதக்காது. கண்ணாடிப் பாட்டிலைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்திருக்க வேண்டும். சூட்டோடு ஊற்றும்போது அடியில் மரப்பலகை இருக்கட்டும். வாசகிக்குப் பூஞ்சணம் வந்ததற்குக் காரணம் சர்க்கரையைக் குறைத்தது. சர்க்கரை குறைந்தால் வெளியில் வைத்துப் பாதுகாக்க முடியாது.

சர்க்கரை கிலோ 45 ரூபாய் என்று வைத்தால், எலுமிச்சையும் சேர்த்து 60 ரூபாய்க்குள் அரைக் கிலோ பாட்டில் மூன்று கிடைக்கும். விறகும் பாட்டிலும் தனி. லேசான கசப்பு இருக்கத்தான் செய்யும், அதுதான் மார்மலேடு. கசப்பே ஆகாது என்கிற வீட்டில் தோலை விட்டுவிட்டு ஜாம் போடலாம்.

விற்கும் யோசனையும் அவருக்கு இருக்கிறது. அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். மார்மலேடில் கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. முதலில் நாலைந்து தடவை வீட்டுக்குச் செய்து, ஒரு பாட்டிலைத் திறக்காமல் மூன்று மாதம் அலமாரியில் வைத்துப் பார்க்கட்டும். அது கெடாமல் இருந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை கடன் வாங்கி இயந்திரம் எதுவும் வாங்க வேண்டாம்.