புதிய வகுப்பும் ஆசிரியரின் அச்சமும்

பள்ளி திறக்கும் முதல் நாள் காலையில் வகுப்பறை வாசலில் அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையைப் பெற்றோர் யாவரும் கண்டிருப்பர். தாயின் கையை விட மறுக்கும் அப்பிள்ளைக்கு, உள்ளே நிற்பவரைக் கண்டு அச்சம். உள்ளே நிற்பவருக்கும் அச்சம் உண்டென்பதைப் பலர் அறியார். ஆசிரியரும் அதனை வெளியிற் சொல்வதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்பணியில் இருக்கும் யாம், இவ்வாண்டு மலரில் அதனைச் சொல்லிவிடத் துணிந்தோம். சொல்லாமல் மறைப்பதனால் துன்புறுவோர் பிள்ளைகளே என்பதைப் பட்டறிந்தமையே காரணம்.

யாம் ஆசிரியர் பயிற்சியை முடித்து முதற்பணி ஏற்றது 1993ஆம் ஆண்டில், ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில். மூன்றாம் ஆண்டு வகுப்பு, 27 மாணவர்கள். பயிற்சிக் காலத்தில் விரிவுரைஞர் முன்னிலையில் பலமுறை பாடம் நடத்தியிருந்தோம். அன்றைய பாடக்குறிப்பை மூன்று பக்கங்களுக்கு எழுதியும் வைத்திருந்தோம். பீடிகைக்கு இத்தனை நிமிடம், பயிற்சிக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆயினும், வகுப்பினுள் நுழைந்து எல்லாக் கண்களும் எம்மையே நோக்கியபோது நா வறண்டது. சுண்ணக்கட்டி இரு முறை ஒடிந்தது. கரும்பலகையில் தேதியைத் தவறாக எழுதினோம். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, “சார், அது நேத்துத் தேதி” என்றாள். வகுப்பு சிரித்தது. யாம் அவளை அதட்டி உட்கார வைத்தோம்.

அவள் சொன்னது சரி. அதட்டியது எம் நடுக்கம். அவ்வாண்டு முழுவதும் அச்சிறுமி எம் வகுப்பில் தானாகக் கை உயர்த்தவே இல்லை. கேட்டால் விடை கூறுவாள். கேளாவிடில் வாய் திறவாள். மறு ஆண்டு அவள் குடும்பம் வேறு தோட்டத்திற்குச் சென்றுவிட்டது. “நீ சொன்னதே சரி, அம்மா” என்று அவளிடம் சொல்ல எமக்கு வாய்க்காமலே போயிற்று.

புது வகுப்பின் முன் நிற்கும் ஆசிரியர் அஞ்சுவது குற்றமன்று என்பதே எம் கருத்து. அவ்வச்சத்தை மறைக்கப் போடும் வேடமே குற்றம். உரத்த குரல், முறைத்த பார்வை, மேசைமேல் ஓங்கித் தட்டும் பிரம்பு ஆகியவற்றுட் பல நடுங்கும் ஆசிரியரின் போர்வைகளே. “முதல் நாள் சிரித்தால் ஆண்டு முழுவதும் வகுப்பு அடங்காது” என்று புதிய ஆசிரியர்க்கு மூத்தோர் அறிவுரை கூறுவதை ஆசிரியர் அறைகளில் யாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஒரு காலத்தில் அதனை நம்பியும் இருந்தோம். இன்று நம்புவதில்லை. அவ்வாறு அடங்கிய வகுப்பில் பிள்ளைகள் ஐயம் கேட்பதில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதுமில்லை.

இது புதுமைக் கருத்துமன்று. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நல்லாசிரியனை நிலத்துக்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுகிறார். ஆசிரியராகத் தகாதோர் இயல்புகளையும் தனியே கூறுகிறார். கேட்போர் அஞ்சும்படி பேசுதல் அவற்றுள் ஒன்று. தாம் அஞ்சுவோர் ஆசிரியராகார் என்று அவர் சொல்லவில்லை. பிறரை அச்சுறுத்துவோர் ஆகார் என்றே சொன்னார். இந்நுட்பத்தை யாம் பயிற்சிக் காலத்தில் மனப்பாடம் செய்தோம். பொருள் விளங்கியது பின்னர்தான்.

விளங்க வைத்தவர் அந்த முதற்பள்ளியின் தலைமையாசிரியர். எம் வகுப்பின் நிலையைக் கண்ட அவர், ஒரு மாலை எம்மை அழைத்து வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்தார். “பாடத்த விடுங்க தம்பி. முதல்ல பேரைப் பாடம் பண்ணுங்க” என்றார். அன்றிரவு 27 பெயர்களையும் வாய்விட்டுப் படித்தோம். யார் மகன், எந்த லயத்து வீடு, தம்பி தங்கையர் உண்டா என்பதையும் சகஆசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டோம். மறுநாள் உள்ளே நுழைந்தபோது எம்முன் கூட்டம் இல்லை, பிள்ளைகள் இருந்தனர். நடுக்கம் அடியோடு போகவில்லை, குறைந்தது. எம் குரல் எப்படி, எம் தோற்றம் எப்படி என்று எம்மையே எண்ணிய வரையில் அச்சம் வளர்ந்தது. கடைசி வரிசைப் பையன் ஏன் சோர்ந்திருக்கிறான் என்று எண்ணத் தொடங்கியதும் அதற்கு இடமில்லாது போயிற்று.

அதன்பின் ஒவ்வொரு புது வகுப்பிற்கும் யாம் அரைமணி நேரம் முன்னதாகவே செல்வது வழக்கமாயிற்று. சன்னல்களைத் திறந்து, பலகையைத் துடைத்து, தேதியைச் சரிபார்த்து எழுதி, பின்பு வாசலில் நின்று பிள்ளைகளை ஒவ்வொருவராக வரவேற்போம். முதல் பத்து நிமிடப் பேச்சை மட்டும் நன்கு மனத்தில் இருத்திக்கொள்வோம். அதன்பின் பிள்ளைகளுக்கு எழுதவோ வரையவோ ஏதேனும் கொடுத்துவிட்டால், எல்லாக் கண்களும் எம்மை விட்டு ஏட்டுக்குச் செல்லும். எமக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். தெரியாத வினா எழுந்தால், “நாளை பார்த்துச் சொல்கிறேன்” என்போம். சொல்லியும் விடுவோம்.

இன்றைய புதிய ஆசிரியர் நிலை எம் நிலையினும் கடினம். பட்டணத்தில் வளர்ந்து பட்டம் பெற்ற இளைஞர், செம்பனைக் காட்டின் நடுவே உள்ள சிறு பள்ளிக்கு வருகிறார். மாணவர் 30 பேருக்கும் குறைந்த பள்ளியாயின் இரண்டு ஆண்டு மாணவரையும் ஒரே அறையில் அமர்த்திக் கற்பிக்க நேரலாம். அத்தகையோர் வரும்போது யாம் முதல் வாரத்தில் பின்னிருக்கையில் அமர்ந்து குறிப்பெடுப்பதில்லை. தலைமையாசிரியர் பார்வை நடுங்குபவரை மேலும் நடுங்கச் செய்யுமே தவிர, நல்ல பாடத்தைத் தந்துவிடாது. தேநீர் வேளையில் உடன் அமர்ந்து, எந்தப் பிள்ளை எப்படி என்று பேசுவதே பயன் தருகிறது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். “சோறு சாப்பிடாவிட்டால் வாத்தியாரிடம் சொல்லி அடிக்கச் சொல்வேன்” என்று வீட்டில் அன்பாலோ அயர்வாலோ நீங்கள் சொல்லும் சொல்லைப் பிள்ளை மறப்பதில்லை. எம்மைக் காணுமுன்னரே எம்மை அஞ்சக் கற்றுக்கொண்டு வருகிறது. அந்த அச்சத்தைப் போக்கவே எமக்கு ஒரு தவணை பிடிக்கிறது. அதிகாலையிலேயே வேலைக்குச் செல்லும் உங்கள் நிலையை யாம் அறிவோம். தாமான்களிலிருந்து வேனில் வரும் பிள்ளைகளின் பெற்றோர்க்கும் காலை நேரம் எளிதன்று. ஆயினும் முதலாம் ஆண்டின் முதல் நாளன்று மட்டுமேனும் தாய் தந்தையரில் ஒருவர் உடன் வந்து, ஆசிரியரிடம் இரண்டு சொல் சிரித்துப் பேசிச் செல்லுமாறு வேண்டுகிறோம். பிள்ளை அதனைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆசிரியருக்கும் அது ஆறுதலாக இருக்கும்.

அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் சேரவிருக்கும் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் ஆயத்தமாகிவிட்டது. அவ்வகுப்பை ஏற்கவிருக்கும் ஆசிரியரிடம் ஒரு படி கொடுத்திருக்கிறோம். பிள்ளையை வீட்டில் எப்பெயரிட்டு அழைப்பீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி அலுவலகத்திற்கு அனுப்பினால், அதனையும் பட்டியலில் அருகே குறித்துக்கொள்வார்.