நாணயம் சுண்டிப் பாருங்கள்!



விமானத்தில் போகிறவர்களில் பலர் முதலில் ஒரு கவுன்டரில் பயணச்சீட்டைக் காட்டி, பெட்டியை எடை போட்டுக் கொடுத்து, இருக்கை எண் அட்டையை வாங்குவார்கள். இதற்கு 'செக்-இன்' என்று பெயர். அங்கே எத்தனை கவுன்டர் வேண்டும்?

2 நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார். ஒருவருக்கு ஆகும் நேரம் சராசரியாக 2 நிமிடம். "ஒரு கவுன்டர் போதும், வரிசையே இருக்காது" என்றுதானே சொல்வீர்கள்?

ஒரு நாணயத்தை எடுங்கள். ஒவ்வொரு பயணிக்கும் ஒருமுறை சுண்டுங்கள். தலை விழுந்தால் 1 நிமிட வேலை. பூ விழுந்தால் 3 நிமிட வேலை. தாளில் குறித்துக்கொண்டே 30 பயணிகளை அனுப்பிப் பாருங்கள். பூவாகவே விழும்போது வரிசை நீளும். ஆள் இல்லாமல் ஊழியர் சும்மா இருந்த நிமிடத்தைச் சேமித்து வைத்துப் பிறகு செலவழிக்க முடியாது அல்லவா? சராசரி மறைத்த வரிசை இப்போது தெரிகிறதா!

இதையே கணிப்பொறி லட்சக்கணக்கான தடவை செய்து பார்க்கும். இதுதான் 'சிமுலேஷன்'. கவுன்டரைக் கூட்டலாம், எல்லாக் கவுன்டருக்கும் ஒரே வரிசை வைக்கலாம். உண்மையான பயணி ஒருவரையும் காக்க வைக்காமல், எது நல்லது என்று கண்டுபிடிக்கலாம்.

ஆனால், ஒத்திகை மட்டும் போதாது. லண்டன் ஹீத்ரு விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம் 2008 மார்ச் 27-ல் திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்துப் பல மாதம் ஒத்திகை பார்த்திருந்தார்கள். அப்படியும் முதல் நாளே குழப்பம்! ஊழியர்களுக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை. பயிற்சியும் போதவில்லை. சோதனைக்காகக் கணிப்பொறியில் போட்டிருந்த ஒரு தடுப்பை நீக்க மறந்திருந்தார்கள். சில நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. ஆயிரக்கணக்கான பெட்டிகள் தேங்கின.

கணிப்பொறி நாம் சொன்னதை மட்டுமே கணக்கில் எடுக்கும். 'ஊழியர் வரத் தாமதமானால்?' என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

உங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கும் இது பொருந்தும். மைக் வேலை செய்யாவிட்டால்? ராஜா வேடம் போடுபவனுக்குக் காய்ச்சல் வந்தால்? திரை இழுக்கும் தம்பிக்கு எப்போது இழுக்க வேண்டும் என்று யாராவது சொன்னீர்களா? முன்கூட்டியே கேளுங்கள். ஒத்திகையில் தவறு நேர்ந்தால் வருந்தாதீர்கள். தவறைக் கண்டுபிடிக்கத்தானே ஒத்திகை!

அன்புடன்,
ஆசிரியர்